அப்பா அம்மாவிடம் ‘முடியாது’ என்று சொல்வது எப்படி, கடமை தவறாமல்

வளர்ந்த பிள்ளை ஒரு விஷயத்தில் மாற்றிப் பேசினால் நம் வீடுகளில் முதலில் வந்து விழும் சொல் மரியாதை. “பெத்தவங்க மேல கொஞ்சமாவது மரியாதை இருந்தா இப்படிப் பேசுவியா?” இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முடியாமல் பலர் திணறுவதற்குக் காரணம், அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று விஷயங்கள் சேர்த்துக் கட்டப்பட்டிருப்பதுதான். முதலில் முடிச்சை அவிழ்ப்போம்.

ஒன்று, பராமரிப்பு. சோறு, துணி, இருக்க இடம், மருந்து. பெற்றவர்களால் சொந்தமாகச் சமாளிக்க முடியாதபோது இதைச் செய்வது பிள்ளைகளின் கடன். அவர்கள் நல்ல அப்பா அம்மாவாக இருந்தார்களா என்பதைப் பொறுத்ததல்ல அது. இரண்டு, நடத்தை. குரலை உயர்த்தாமல் பேசுவது, நாலு பேர் முன்னால் மட்டம் தட்டாமல் இருப்பது, சொல்வதை முழுதாகக் கேட்பது. இதை நம் பக்கத்திலிருந்து எப்போதும் கொடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் அவமானப்படுத்தினால் எழுந்து போய்விடலாம், திருப்பி அவமானப்படுத்தக் கூடாது. மூன்று, கீழ்ப்படிதல். சொன்ன படிப்பைப் படிப்பது, காட்டிய இடத்தில் கழுத்தை நீட்டுவது, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பது. 18 வயது நிறைந்தவருக்கு இந்தக் கடன் கிடையாது. சட்டத்திலும் இல்லை, நியாயத்திலும் இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

மூன்றாவதை மறுப்பதற்காக முதல் இரண்டையும் கைவிடுவதுதான் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு. மூன்றாவது கிடைக்கவில்லை என்பதற்காக முதல் இரண்டும் இல்லை என்று சொல்வது பெற்றோர் செய்யும் தவறு. இந்தக் கட்டுரை பிள்ளைகளுக்கானது. அதனால் உங்கள் பக்கத்து வேலையை மட்டும் பார்ப்போம்.

பேச உட்காரும் முன்

நேரம் முக்கியம். அப்பா வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருக்கும்போதும், உறவினர் வீட்டில் இருக்கும்போதும், யாராவது குடித்திருக்கும்போதும் பேசாதீர்கள். காலைச் சாப்பாடு முடிந்த ஒரு விடுமுறை நாள் பெரும்பாலான வீடுகளுக்குச் சரிவரும். அம்மா, அப்பா இருவரும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும்.

அம்மாவிடம் சொல்லி அப்பாவிடம் சொல்லச் சொல்வது நம்மிடம் ஊறிய பழக்கம். இது ஏன் கெடுகிறது என்றால், இடையில் நிற்கும் அம்மா இரு பக்கமும் வலி தெரியாமல் இருக்கச் சொல்லை மழுக்கிவிடுவார். நீங்கள் சொன்னது “எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்.” அப்பா காதுக்குப் போனது “இப்போதைக்கு வேணாங்கறா.” அவர் மூன்று மாதம் காத்திருந்து மறுபடி ஆரம்பிப்பார். பிறகு எழும் கோபம் முழுக்க அம்மா தலையில் விழும். வாட்ஸ்அப்பிலும் எழுதாதீர்கள். எழுத்தில் குரல் இருக்காது, ஒரு நிமிடத்தில் அது பெரியப்பா, அத்தை என்று குடும்பக் குழு முழுக்கச் சுற்றிவிடும்.

மறுப்பின் நான்கு வாக்கியங்கள்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பெண்ணுக்கு வயது 26, வேலையில் இருக்கிறாள். அப்பா ஒரு இடம் பார்த்திருக்கிறார், வரும் ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள்.

“அப்பா, ரெண்டு மாசமா அலைஞ்சு இந்த எடத்தப் பாத்திருக்கீங்க, எனக்குத் தெரியும். ஆனா இந்தக் கல்யாணத்துக்கு எனக்குச் சம்மதம் இல்லப்பா. ஞாயித்துக்கெழமை அவங்க வர வேண்டாம்னு இன்னைக்கே சொல்லிடணும். உங்களுக்குச் சங்கடமா இருந்தா அவங்ககிட்ட நானே பேசுறேன்.”

அவர் பட்ட பாட்டை ஒப்புக்கொள்வது முதல் வாக்கியம். இரண்டாவது மறுப்பு, ஒரே வரியில், வளைவு நெளிவு இல்லாமல். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது மூன்றாவது. அதில் நீங்கள் எந்தச் சுமையைத் தூக்குகிறீர்கள் என்பது நான்காவது. பலர் விடுவது இந்த நான்காவதைத்தான். பெற்றோரின் கோபத்தில் பாதி உங்கள் முடிவைப் பற்றியது, மீதிப் பாதி “இனி நான் அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்” என்பது. அந்தப் பாதியை நீங்கள் வாங்கிக்கொண்டால் பேச்சின் சூடு குறையும்.

அதில் காரணம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். காரணம் சொல்லக் கூடாது என்பதில்லை, உண்மையான காரணம் ஒன்று இருந்தால் அதை மட்டும் சொல்லுங்கள். வாய்க்கு வந்த சாக்கைச் சொல்லாதீர்கள். “துபாய் ரொம்பத் தூரம்” என்றால் அடுத்த மாதம் கோயம்புத்தூரில் ஒரு இடம் வரும். “சம்பளம் கம்மி” என்றால் இரண்டு மடங்கு சம்பளக்காரர் வருவார். ஒவ்வொரு சாக்கும் அவர்கள் தீர்த்து வைக்க வேண்டிய வேலையாக மாறுகிறது. தீர்த்து வைத்த பிறகும் நீங்கள் மறுத்தால் ஏமாற்றியதாகத்தான் உணர்வார்கள், அதில் தப்பும் இல்லை.

“பாக்கலாம்”, “யோசிச்சுச் சொல்றேன்” இரண்டையும் தேதி இல்லாமல் சொல்லாதீர்கள். நம் ஊரில் “பாக்கலாம்” என்பது அரைச் சம்மதம். அதன்மேல் ஜாதகம் கைமாறும், பிறகு பூ வைக்க நாள் பார்ப்பார்கள், மண்டபத்துக்கு முன்பணம் போகும். ஒவ்வொரு படி ஏறும்போதும் மறுப்பின் விலை கூடும், கடைசியில் அதைக் கொடுப்பது இன்னொரு குடும்பமும்கூட. யோசிக்க உண்மையிலேயே நேரம் வேண்டுமென்றால் “வர வெள்ளிக்கிழமை ராத்திரி சொல்லிடறேன், அதுவரைக்கும் யாருக்கும் வாக்கு குடுக்காதீங்க” என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை இரவு சொல்லியும் விடுங்கள்.

படிப்பு, வேலை விஷயமென்றால் இதே நான்கு வாக்கியங்களோடு ஒரு தாளும் வேண்டும். வருடக் கட்டணம், விடுதிச் செலவு, எத்தனை வருடம், முடித்தால் என்ன வேலை, அந்த வேலையில் ஆரம்பச் சம்பளம், சரிவராவிட்டால் எந்தத் தேதிக்குள் மாற்று வழிக்குத் திரும்புவேன். பெற்றோர் பயப்படுவது பெரும்பாலும் பணம் முடங்கிவிடுமோ என்றுதான். தாளில் எண்ணாக இருக்கும் பயத்தைப் பேசித் தீர்க்கலாம்.

மறுத்த பிறகு வரும் நாட்கள்

அப்பா பேசாமல் இருப்பார். சில வீடுகளில் இரண்டு நாள், சில வீடுகளில் இரண்டு மாதம். இந்த மௌனத்தை உடைக்கத் தூது அனுப்பாதீர்கள், மன்னிப்பும் கேட்காதீர்கள். கத்தியிருந்தால் கத்தியதற்கு மட்டும் கேளுங்கள்: “அன்னைக்குச் சத்தம் போட்டது தப்புதாம்ப்பா. முடிவு மாறல.” வழக்கமாகப் போன் செய்யும் நேரத்தில் போன் செய்யுங்கள். எடுக்காவிட்டாலும் மறுநாள் அதே நேரத்தில் செய்யுங்கள். மாதாமாதம் அனுப்பும் பணம் அதே தேதியில் போகட்டும். ஒருநாள்கூடத் தள்ளிப் போகக் கூடாது, தள்ளினால் அதைத் தண்டனையாகத்தான் படிப்பார்கள்.

“நான் செத்தாத்தான் உனக்கு நிம்மதி” என்ற பேச்சு வந்தால் இரண்டு தவறுகள் நடக்கும். ஒன்று, “எல்லாம் நாடகம்” என்று தூக்கி எறிவது. இன்னொன்று, பயந்து சம்மதிப்பது. இரண்டும் வேண்டாம். “நீங்க அப்படிச் சொன்னா எனக்குப் பயமா இருக்கும்மா, இன்னைக்கு இந்தப் பேச்ச விட்டுடுவோம்” என்று நிறுத்துங்கள். அன்றிரவு வீட்டில் ஒருவர் கூட இருக்கட்டும். பூச்சிமருந்து, தூக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் கைக்கெட்டாத இடத்துக்குப் போகட்டும். 14416 என்ற டெலிமானஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் ஆலோசகருடன் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உயிரைக் காப்பது உங்கள் கடமை. அதற்கு விலையாகத் திருமணச் சம்மதத்தைக் கொடுப்பது கடமை இல்லை. அப்படிப் பிறந்த திருமணத்தில் இன்னொரு மனிதரின் வாழ்க்கையும் மாட்டிக்கொள்கிறது.

சாதி மறுத்துச் செய்யும் திருமணம் என்றால் இதுவரை சொன்னது போதாது. தமிழ்நாட்டில் இதற்காகக் கொலைகளே நடந்திருக்கின்றன. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருந்தால் துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுடையது. 2006ல் லதா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிடிக்காத பெற்றோர் அதிகபட்சம் செய்யக்கூடியது உறவை முறித்துக்கொள்வதுதான், மிரட்டவோ துன்புறுத்தவோ முடியாது என்று சொன்னது. 2018ல் சக்தி வாகினி வழக்கில் வயது வந்த இருவரின் சம்மதமே போதும், குடும்பத்தின் ஒப்புதல் தேவையில்லை என்று மறுபடி உறுதி செய்தது. சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்வதானால் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, அது அலுவலகத்தில் ஒட்டப்படும். எனவே விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பே பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் அசல்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். அடி, அடைத்து வைத்தல், கொலை மிரட்டல் என்று வந்துவிட்டால் பேச்சுவார்த்தைக்கு என்று தனியாக வீட்டுக்குப் போகாதீர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு உத்தரவுப்படி இப்படிப்பட்ட தம்பதிகளுக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு இருக்க வேண்டும். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, ஏற்புச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டி சீரியஸ், உடனே வா என்று போன் வந்தால் எந்த மருத்துவமனை, எந்த வார்டு என்று கேட்டு உறுதி செய்த பிறகே கிளம்புங்கள்.

மாதப் பணம்: எவ்வளவு, யார், எப்படி

பராமரிப்பைப் பற்றி உணர்ச்சியோடு பேசுவதைவிட நோட்டுப் புத்தகத்தோடு பேசுவது நல்லது. அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 63, சொந்த வீடு, ஓய்வூதியம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மாதச் செலவு இப்படி இருக்கலாம்: மளிகை 6,000 ரூபாய், பாலும் காய்கறியும் 3,500, கரண்ட்டும் கேஸும் 1,500, சர்க்கரை, பிரஷர் மருந்து 3,200, போனும் பஸ்ஸும் 1,000, மொய் 1,500, இருவர் கைச்செலவு 2,000. மொத்தம் 18,700. மாடி வாடகை 4,000 வருகிறது. பாக்கி 14,700.

மகனுக்குச் சம்பளம் 60,000, மகளுக்கு 30,000 என்றால் சரிபாதியாகப் பிரிக்காதீர்கள். வருமான விகிதத்தில் பிரித்தால் மகன் 9,800, மகள் 4,900. கூடவே வைத்துப் பார்த்துக்கொள்கிறவர் இருந்தால் அவர் உழைப்புக்கும் ஒரு தொகை போட்டு அவர் பங்கில் கழியுங்கள். இரவில் எழுந்து அப்பாவைக் கழிவறைக்கு அழைத்துப் போகும் மருமகளின் வேலை எந்தக் கணக்கிலும் வராமல் போவதுதான் அண்ணன் தம்பி சண்டைகளில் பாதிக்கு வேர். “பொண்ணு கட்டிக்குடுத்தாச்சு, அவகிட்டக் கேக்கக் கூடாது” என்பது சட்டத்தில் செல்லாது. திருமணமான மகளுக்கும் இந்தப் பொறுப்பு உண்டு என்று 1987லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

மொய்யையும் கைச்செலவையும் வெட்டிவிடாதீர்கள். மருந்துக்குக் காசு இருந்து, பேத்திக்கு மிட்டாய் வாங்க மகனிடம் கை நீட்ட வேண்டியிருந்தால் அந்த வீட்டில் அப்பாவுக்கு மரியாதை இல்லை. கைச்செலவு அவர்கள் பெயரில் உள்ள கணக்குக்குப் போகட்டும், அதற்குக் கணக்குக் கேட்காதீர்கள். ஏடிஎம் அட்டையும் அவர்களிடமே இருக்கட்டும்.

தேதியைத் தானியங்கிப் பரிமாற்றத்தில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மாதமும் அவர்கள் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும், ஞாபகப்படுத்துவது கெஞ்சுவது போல ஆகிவிடும். மருத்துவமனைச் செலவை மாதக் கணக்கோடு கலக்காமல் தனியாகச் சேமியுங்கள், அதிலும் அதே விகிதம்.

காயப்படுத்திய பெற்றோர்

குடித்துவிட்டு அடித்த அப்பா, விட்டுவிட்டுப் போன அம்மா, பெண் பிள்ளை என்று பட்டினி போட்ட குடும்பம். இவர்களுக்கும் கடனா என்ற கேள்வி நேர்மையானது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் பார்ப்பது, இவரால் தன் வருமானத்திலும் சொத்திலும் வாழ முடியவில்லையா, பிள்ளை கவனிக்காமல் விட்டாரா என்பதைத்தான். பராமரிப்பு என்பதற்கு அது சொல்லும் பொருளில் உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் ஆகியவை வருகின்றன. கூட உட்கார்ந்து பேசு, மன்னித்துவிடு, பேரப்பிள்ளையைக் காட்டு என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

ஆகவே தூரத்திலிருந்தே கடமையைச் செய்யலாம். பணம் குடிக்குப் போகும் என்றால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். மளிகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நேராகக் கட்டுங்கள், வாடகையை வீட்டுக்காரர் கணக்கில் போடுங்கள், ரசீதுகளை ஒரே கோப்பில் வையுங்கள். நேரில் பார்க்க வேண்டாம் என்று உங்கள் மனம் சொன்னால் பார்க்க வேண்டாம். “பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு” என்று ஊர் சொல்லும். அடிபட்ட உடம்பு உங்களுடையது, எவ்வளவு தூரம் வேண்டும் என்று அதற்குத்தான் தெரியும்.

இன்னும் 18 ஆகாதவர் இதைப் படித்தால்: படிப்பு, நேரம், போன் விஷயங்களில் வீட்டின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத்தான் இருக்க வேண்டும். அடித்துக் காயப்படுத்துவது, தகாத இடத்தில் தொடுவது, திருமணம் பேசுவது அந்தக் கட்டுப்பாட்டில் சேராது. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்யுங்கள். யார் செய்தாலும், அப்பாவே ஆனாலும்.

வீட்டை எழுதி வாங்கும்போது

பெற்றவர்கள் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில், அவர்கள் உயிரோடு இருக்கும்வரை உங்களுக்கு உரிமை கிடையாது. அவர்களாகத் தரும்போது உயிலாக எழுதச் சொல்லுங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டால் போதும், பதிவும் கட்டாயமில்லை. வீடு கடைசிவரை அவர்கள் பெயரிலேயே இருக்கும், மனம் மாறினால் மாற்றியும் எழுதலாம்.

தான செட்டில்மென்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம், எழுதியே ஆக வேண்டும் என்றால், பத்திரத்திலேயே ஒரு வரி சேருங்கள்: “சொத்தைப் பெறுபவர் எழுதிக் கொடுப்பவருக்கும் அவர் மனைவிக்கும் ஆயுள் உள்ளவரை அடிப்படை வசதிகளும் உடல் தேவைகளும் செய்து தர வேண்டும், தவறினால் இந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம்.” பிள்ளை கவனிக்காவிட்டால் தானத்தை ரத்து செய்ய வழி தரும், மேற்சொன்ன 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இந்த நிபந்தனையை நம்பி நிற்கிறது. 2022ல் சுதேஷ் சிக்காரா வழக்கில், நிபந்தனை இருந்தது என்று காட்டாவிட்டால் அந்தப் பிரிவு உதவாது என்றது உச்ச நீதிமன்றம். 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் அதே நீதிமன்றம் முதியவருக்குச் சாதகமாகச் சட்டத்தைப் படிக்க வேண்டும் என்று சொல்லி, மகனுக்குத் தாய் கொடுத்த தானத்தை ரத்து செய்தது. நிபந்தனை வரியைப் பிள்ளையே கேட்டு எழுத வைத்தால் அதைவிடப் பெரிய மரியாதை அந்தப் பதிவு அலுவலகத்தில் வேறு எதுவும் இல்லை.

மனு வந்துவிட்டால்

அதே சட்டப்படி பராமரிப்புக் கேட்டுப் பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து உங்களுக்கு நோட்டீஸ் வந்தால் அவமானமாக இருக்கும். அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். வேண்டுமென்றே தவிர்த்தால் நீங்கள் இல்லாமலேயே விசாரித்து உத்தரவு போடலாம். சம்பளச் சீட்டு, கடன் தவணை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், இதுவரை அனுப்பிய பணத்தின் வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். உங்கள் ஒருவர் மேல் மட்டும் மனு இருந்தால் மற்ற உடன்பிறப்புகளையும் சேர்க்கும்படி கேட்கலாம், அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. தீர்ப்பாயம் முதலில் சமரச அலுவலரிடம் அனுப்பக்கூடும். மேலே சொன்ன செலவு நோட்டை அங்கே மேசையில் வையுங்கள், பெரும்பாலும் அந்த எண்களைச் சுற்றியே பேச்சு முடியும்.

நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும், அசாதாரணக் காரணம் இருந்தால் ஒரே ஒரு முறை 30 நாள் நீட்டிக்கலாம். சட்டத்தில் மாதத் தொகைக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். உத்தரவு வந்தும் கட்டாமல் விட்டால் ஒரு மாதம் வரை சிறை உண்டு. கவனிக்க வேண்டிய முதியவரை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது தனிக் குற்றம், 24ஆம் பிரிவில் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

சமரசத்தில் தொகையோடு சேர்த்து மூன்று விஷயங்களையும் எழுதி வாங்குங்கள்: பணம் போகும் தேதி, மருத்துவமனைக்கு யார் கூட வருவது, பண்டிகைக்கு யார் வீட்டில். மூன்றாவதை அற்பம் என்று விட்டுவிடுவார்கள். அடுத்த சண்டை தீபாவளிக்கு முதல் நாள் அங்கிருந்துதான் கிளம்பும்.